தோலில் ஒரு தழும்பு, நரம்பில் ஒரு தழும்பு: முதலாம் விலா எலும்பை எடுத்த பின் ஒரு வருடம்

நோயாளி 34 வயதுப் பெண். திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். வீட்டில் தையல் தொழில், வலக்கைப் பழக்கம். ஒன்றரை வருடமாக வலது கழுத்தடியில் தொடங்கி முன்கையின் உட்புறம் வழியாக மோதிர விரல், சுண்டுவிரல் வரை இறங்கும் விறைப்பும் உளைவும். கொடியில் உடுப்புக் காயப்போடும்போதும், மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னும்போதும் கை பாதியில் சோர்ந்து விழும். (இது ஒரு தனி ஆளின் கோப்பு அல்ல. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் வழமையாகக் காணப்படும் போக்கை விளக்கக் கோர்த்த மாதிரி நிகழ்வு. இதில் வரும் புள்ளிகளும் அப்படியே.)

முதலில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். பிறகு மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் கார்பல் டனல் என்று மணிக்கட்டுக்குப் பட்டி கொடுத்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை. கார்பல் டனல் என்றால் விறைப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். இவருக்கு விறைத்தது மறுபக்கம். முழங்கையில் அல்னார் நரம்பு நெரிபட்டாலும் சுண்டுவிரல் விறைக்கும்; ஆனால் முன்கையின் உட்புறத் தோல் விறைக்காது, ஏனென்றால் அந்தத் தோலுக்குரிய நரம்பு அல்னாரின் கிளை அல்ல, கழுத்தடி நரம்புப் பின்னலிலிருந்து நேரே வருவது. முன்கை உட்புறமும் சேர்ந்து விறைக்கிறது என்று நோயாளி சொன்னால் பார்வை முழங்கையை விட்டு மேலே, காறை எலும்புக்குப் பின்னால் போக வேண்டும்.

இரு கைகளையும் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, முழங்கையை மடித்து, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கும் ரூஸ் சோதனையில் 50 வினாடியில் வலது கை இறங்கிவிட்டது. மூச்சை இழுத்துத் தலையைத் திருப்பும்போது மணிக்கட்டு நாடித்துடிப்பு மறைகிறதா என்று பார்க்கும் அட்சன் சோதனைக்கு நாங்கள் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. நோய் இல்லாதவர்களிலும் துடிப்பு மறையும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் மேலதிகமான கழுத்து விலா எலும்பு எக்ஸ்ரேயில் இல்லை. நரம்புக் கடத்தல் சோதனையில் மணிக்கட்டும் முழங்கையும் சரி; முன்கை உட்புறத் தோல் நரம்பின் அலை மட்டும் மறுகையைவிடச் சிறிதாக இருந்தது. கடைசியாக, ஸ்கான் பார்த்தபடி கழுத்தின் பக்கத்திலுள்ள முன் ஸ்கேலீன் தசைக்குள் விறைப்பு மருந்து ஏற்றியபோது நாலு மணி நேரம் கை இலேசாகிவிட்டது. இந்த ஊசிக்குக் குணம் கண்டவர்களுக்குச் சத்திரசிகிச்சையும் பலன் தரும் வாய்ப்பு அதிகம்.

முடிவு: நரம்பு வகைத் தொராசிக் அவுட்லெட் சின்ட்ரோம், சுருக்கமாக ரி.ஓ.எஸ். இந்த நோயில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் நரம்பு வகைதான். மிச்சத்தில் பெரும்பகுதி, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் நாளம் நெரிபடும் நாள வகை, மிக அரிதாக நாடி வகை. இடம் ஒன்றே: முன் ஸ்கேலீன், நடு ஸ்கேலீன் என்ற இரண்டு கழுத்துத் தசைகளும் கீழே முதலாம் விலா எலும்பும் சேர்ந்து அமைக்கும் முக்கோண வாசல். கைக்குப் போகும் நரம்புப் பின்னலும் கையின் பெரிய நாடியும் அதற்குள்ளால்தான் போகின்றன. நாளம் முன் ஸ்கேலீனுக்கு முன்னால் போகிறது. ஐந்து மாத இயன்மருத்துவத்துக்குப் பிறகும் விறைப்புக் குறையாததால் கொழும்பில் சத்திரசிகிச்சை.

சத்திரசிகிச்சை

இரண்டு வழிகள் பொதுவானவை. ஒன்று கமக்கட்டு வழி: மயிர்க்கோட்டின் கீழ் ஓரத்தில் வெட்டு. தழும்பு மறைவிடத்தில் இருக்கும், ஆனால் மேற்கையின் உட்புறத்துக்குப் போகும் தோல் நரம்பு அந்தப் பாதையிலேயே கிடப்பதால் அங்கே விறைப்பு வருவது சகஜம். மற்றது காறை எலும்புக்கு மேல்வழி: நரம்புப் பின்னல் கண்ணுக்கு நேரே தெரியும், தசைகளை முழுதாக எடுக்கலாம், நரம்பைச் சுற்றிய நார்களையும் விடுவிக்கலாம். தழும்பு மட்டும் எல்லாரும் பார்க்கும் இடத்தில். இவருக்கு இரண்டாவது வழி. காறை எலும்புக்கு இரண்டு விரல் மேலே, தோல் மடிப்போடு 6 சென்ரிமீற்றர் வெட்டு. முன், நடு ஸ்கேலீன் தசைகளும் முதலாம் விலாவும் எடுக்கப்பட்டன.

டயக்னோசிஸ் கார்டில் எப்போதும் தேடிப் பார்க்க வேண்டிய ஒரு வரி: விலாவின் பின்பக்க முனை எவ்வளவு விடப்பட்டது. நீளமான எலும்புக் கட்டை மிஞ்சினால் வெட்டிய தசையும் நாரும் அதிலேயே ஒட்டி, கீழ் நரம்பைப் பழையபடி அழுத்தும். அறிகுறி திரும்பி வந்தவர்களைப் பரிசோதிக்கும்போது முதலில் பார்க்கும் காரணங்களில் இது ஒன்று. இவருடைய கார்டில் பின்முனை முள்ளந்தண்டின் குறுக்குமுளை வரை எடுக்கப்பட்டதாக இருந்தது.

தோலுக்கும் நரம்புக்கும் இடையிலான வழக்கு

உறவினர்கள் கேட்பது பெரும்பாலும் தோலில் தெரியும் கோட்டைப் பற்றி. கையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அதற்கு அடியில், ஆழத்தில், தசை எடுத்த வெற்றிடத்தில், நரம்புப் பின்னலைச் சுற்றி உருவாகும் தழும்பு. உடம்புக்கு வெற்றிடம் பிடிக்காது. மூன்று வாரத்துக்குள் அதை நாரால் நிரப்பிவிடும். அந்த நார் நரம்போடு ஒட்டிக்கொள்ளுமா, நரம்பு வழுக்கிப் போக ஒரு பாதையை விடுமா என்பதுதான் கேள்வி.

இரண்டு தழும்புகளும் எதிரெதிரான பத்தியம் கேட்கின்றன. தோல் கேட்பது ஓய்வு: இழுக்காதே, அசைக்காதே. இழுபடும் காயம் தடித்து எழும்பும். நரம்பு கேட்பது முதல் நாளிலிருந்தே அசைவு. தோலுக்குப் பயந்து கையைத் தூளியில் மாட்டி மூன்று வாரம் வைத்தால் தழும்பு அழகாக ஆறும், கை திரும்ப விறைக்கும். நாங்கள் நரம்பின் பக்கம். தோலின் இழுவையை ஒட்டுப்பட்டியால் தாங்கிக்கொண்டு, கையை அசைக்க விடுவோம். தடித்த தழும்புக்குப் பிறகு வைத்தியம் உண்டு. ஒட்டிய நரம்புக்கு இருக்கும் ஒரே வைத்தியம் இன்னொரு சத்திரசிகிச்சை. அது முதலாவதைவிட ஆபத்தானது.

முதல் இரண்டு வாரம்

வடிகுழாய் இரண்டாம் நாள் எடுக்கப்பட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது. ஆனால் வலது உதரவிதானம் ஒரு விலா இடைவெளி மேலே நின்றது. உதரவிதானத்தை இயக்குவது, முன் ஸ்கேலீன் தசையின் முகத்தோடு ஒட்டிப் போகும் பிரெனிக் நரம்பு; அதை ஒதுக்கிப் பிடிக்கும்போது சில வாரங்களுக்குத் தூங்கிவிடுவதுண்டு. நோயாளிக்குத் தெரிவது, நேராகப் படுத்தால் மூச்சு முட்டுவதும் படி ஏறினால் இளைப்பதும். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுக்கச் சொல்லி, மணிக்கு பத்து ஆழ்ந்த மூச்சு: ஒரு கை வயிற்றில், மூச்சு இழுக்கும்போது அந்தக் கைதான் உயர வேண்டும், தோள் அல்ல. இந்தப் பயிற்சி நுரையீரலுக்கு மட்டுமல்ல. தோளைத் தூக்கி மூச்சு விடும் பழக்கம்தான் கழுத்துத் தசைகளை வருடக்கணக்கில் இறுக்கி வைத்திருந்தது. மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் உதரவிதானம் இறங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் ஊர்ப் பயணம். கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர். வலப்பக்கக் காயக்காரர் வானில் இடப்பக்க ஆசனத்தில் இருப்பது நல்லது. அங்கே பட்டி இடது தோளால் வரும். வலப்பக்க யன்னலோரம் இருந்தால் பட்டி நேரே காயத்தில் ஏறும். (இடப்பக்கக் காயத்துக்கு மறுவளம்.) முன்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தோளின் பாரத்தை எடுக்க வேண்டும். தொங்கவிட்ட கை ஆறு மணி நேரம் பின்னலைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வரும்.

நரம்பு வழுக்கல் பயிற்சி இரண்டாம் நாளே தொடங்கியது. கதிரையில் நிமிர்ந்து இருந்து, மேற்கை உடம்போடு ஒட்டி, முழங்கை மடித்து, உள்ளங்கை மேலே. முழங்கையை மெல்ல நீட்டும்போது தலையை அதே பக்கத் தோளை நோக்கிச் சாய்க்க வேண்டும். மடக்கும்போது தலை நடுவுக்கு வரும். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளர்வதால் நரம்பு இழுபடாமல் நூல்போல உள்ளே ஓடும். பத்துத் தடவை, நாளுக்கு நாலு முறை. இரண்டாம் வாரத்திலிருந்து சுண்டுவிரல் நரம்புக்கும் இதே தத்துவம், ஆனால் முழங்கையின் திசை மாறும்: அந்த நரம்பு முழங்கையை மடக்கும்போதுதான் இழுபடும், ஆகவே மடக்கும்போதுதான் தலை அதே பக்கம் சாய வேண்டும். இதை மாற்றிச் செய்பவர்களே அதிகம். மாற்றிச் செய்தால் இரண்டு முனையும் சேர்ந்து இழுபட்டு இரவு முழுக்கக் கை உளையும். பயிற்சியில் வரும் ஊசிக்குத்தல் சில வினாடிகளில் அடங்கினால் பரவாயில்லை. அரை மணி நேரம் நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

தோளை முதல் இரண்டு வாரம் 90 பாகை வரை, ஆறாம் வாரத்துக்குள் முழுமையாக உயர்த்தலாம். பாரம் முதல் நாலு வாரம் 2 கிலோவுக்குள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டுக்காயம் என்றவுடன் மீன், இறால், முட்டை எல்லாம் கிரந்தி என்று நிறுத்தி, சோறும் இரசமுமாக இரண்டு வாரம் கொடுக்கும் வழக்கம் இங்கே பலமாக இருக்கிறது. காயம் கட்ட வேண்டிய நாளில் புரதத்தைப் பறிப்பது அது. ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தாலொழிய மீனை நிறுத்தத் தேவையில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லும் வேலையை நோயாளியின் தலையில் கட்டாமல், கிளினிக்கில் அவரையும் கூப்பிட்டுச் சொன்னால் நடக்கும்.

ஏழாம் வாரம்

ஆறாம் வாரம் வரை எல்லாம் ஒழுங்கு. கையின் இயலாமையைக் கேள்விகளால் அளந்து, குறைந்தால் நல்லது என்று கணக்கிடும் குயிக்-டாஷ் புள்ளி 64இலிருந்து 41க்கு இறங்கியிருந்தது. அடுத்த வாரம் வந்தவர் சொன்னது: “மிஸ், தையல் போட்ட இடம் நோகேல்ல. சுண்டுவிரல்தான் திரும்ப விறைக்குது.”

என்ன செய்தீர்கள் என்று கேட்டால் “ஒண்டும் செய்யேல்ல” என்றுதான் பதில் வரும். ஒரு நாளை விடியலிலிருந்து சொல்ல வைக்க வேண்டும். வெளியே வந்தது கிணறு. மோட்டார் பழுதாகி நாலு நாளாகக் கயிற்றால் தண்ணீர் இறைத்திருக்கிறார். பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ. இரு கைகளும் மாறி மாறி மேலே எட்டிப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும்: தோள் உயரம், பாரம், திடீர் இழுவை மூன்றும் ஒரே அசைவில். குளிக்கும்போது வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்ப்பது அதற்கு மேல். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய் வர ஆசைப்படுபவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: காயம் நன்றாக மூடிய பின் தண்ணீரால் கெடுதல் இல்லை, வாளிதான் கெடுதல். இடக்கையால் சின்னக் கோப்பையில் அள்ளி ஊற்றலாம்.

இது நோய் திரும்பி வந்ததா, புதுத்தழும்பு கோபப்பட்டதா? மீளல் வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும்; ஆகவே இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. பிடியின் பலம் குறையவில்லை, கைத்தசை மெலியவில்லை, காறை எலும்புக்கு மேல் தட்டினால் விரலுக்கு மின்னல் ஓடியது, கழுத்துத் தோல் தழும்போடு சேர்ந்து உள்ளே இழுபட்டு ஒரு குழி தெரிந்தது. தழும்பு ஒட்டல் என்று முடிவு செய்தோம். பாரம் மீண்டும் 2 கிலோவுக்கு, பயிற்சி பாதி அளவுக்கு, கூடவே தழும்புத் தேய்ப்பு. மூன்று வாரத்தில் விறைப்பு அடங்கியது.

தழும்புத் தேய்ப்பு இப்படி: காயம் முழுதாக மூடி, பொருக்கு விழுந்த பிறகுதான், வழமையாக மூன்றாம் வாரம். இரண்டு விரல் நுனியைத் தழும்பில் வைத்து, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, விரலும் தோலும் சேர்ந்து அசையும்படி வட்டமாக, மேல்கீழாக, குறுக்காக. விரல் தோலின் மேல் வழுக்கினால் அது எண்ணெய் பூசுவது, தேய்ப்பு அல்ல. ஒரு துளி தேங்காயெண்ணெய் போதும். ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. தோலைக் கிள்ளித் தூக்கிப் பிடிக்க முடிந்தால் அடியில் உள்ள ஒட்டல் விடுகிறது. தழும்புக்கு நேர் மேலே ஆழமாகக் குத்தி அழுத்த வேண்டாம். அடியில் எலும்பு இல்லை, நரம்புப் பின்னல்தான் இருக்கிறது. சூட்டுத் தைலம், மஞ்சள் விழுது இரண்டும் முதல் இரண்டு மாதம் வேண்டாம். ஒன்று புதுத்தோலைப் பொசுக்கும், மற்றது நிறத்தைப் பூசி சிவப்பை மறைத்துவிடும்.

தாலிக்கொடி

எட்டாம் வாரத்தில் தழும்பின் உள்முனை, கழுத்துக் குழிக்குப் பக்கத்து இரண்டு சென்ரிமீற்றர், சிவந்து தடித்து அரிக்கத் தொடங்கியது. வெளிமுனை தட்டையாகவே இருந்தது. ஒரே வெட்டு, ஒரே தையல், ஒரே தோல். அரைவாசி மட்டும் தடிப்பதற்கு வெளியிலிருந்து ஒரு காரணம் இருக்க வேண்டும். தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டபடி தைக்கும் நிலையில் குனியச் சொன்னபோது தெரிந்தது: மிஷினில் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் கொடி அந்த இரண்டு சென்ரிமீற்றர் மேலால் உரசி ஓடியது. கழற்றி வைக்கச் சொல்வது இலேசான காரியம் அல்ல. மஞ்சள் கயிற்றில் தாலியை மட்டும் கோர்த்து, கழுத்தை விட்டு இறங்கும் நீளத்தில் போட்டுக்கொள்ளும் சமரசத்துக்கு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள். கைப்பை, பிராப் பட்டி இரண்டும் இதே வேலையைத் தழும்பின் வெளிமுனையில் செய்யும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண்களுக்கு முக்காடு நல்ல வெயில் மறைப்பு. ஆனால் ஊசி குத்தும் இடத்தைத் தழும்புக்கு எதிர்ப்பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தடித்த தழும்புக்கும் கீலோயிட்டுக்கும் வித்தியாசம் எல்லையில் இருக்கிறது. தடித்த தழும்பு ஒன்று இரண்டு மாதத்தில் எழும்பி, வெட்டின் எல்லைக்குள்ளேயே நின்று, காலத்தோடு தணியும். கீலோயிட் எல்லை தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால்போல் படரும், தானாக அடங்காது. எங்கள் தோல் நிறத்தில் இரண்டும் கூடுதல். நெஞ்சுச் சுவரும் தோளும் காதுமடலும் பெயர் போன இடங்கள். குடும்பத்தில் காது குத்திய இடத்தில் உருண்டை வந்தவர் உண்டா என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. இவருக்கு இல்லை, தழும்பும் எல்லைக்குள் நின்றது.

முதலில் காகித ஒட்டுப்பட்டி. தழும்பின் நீளவாக்கில் ஒட்டி, ஓரம் கிளம்பும் வரை விட்டு, பழையதை நனைத்து உரித்துப் புதிது. குளிர்நாட்டுக் கைந்நூல்கள் வாரம் ஒரு முறை என்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வியர்வையில் மூன்று நாள் தாண்டாது. அடுத்தது சிலிக்கோன் தாள். நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதமாவது. முதல் நாளே 12 மணி நேரம் ஒட்டினால் வேர்க்குரு போட்டு, சிலிக்கோன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். நாலு மணி நேரத்தில் தொடங்கி நாளுக்கு இரண்டு மணி நேரம் கூட்டி, முக்கியமாக இரவில், மின்விசிறிக்குக் கீழே. தாளையும் தோலையும் தினமும் சவர்க்காரத்தில் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். பகலில் சிலிக்கோன் ஜெல், அரிசியளவு, காய்ந்த பிறகு சட்டை.

பன்னிரண்டாம் வாரத்திலும் உள்முனை இறங்காததால் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீரோயிட் ஊசி, மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் செறிவில், ஐந்து வார இடைவெளியில் இரண்டு தடவை. இந்த இடத்தில் ஊசி போடுவதற்குத் தனி எச்சரிக்கை உண்டு. நுரையீரலின் உச்சி காறை எலும்பின் உட்பகுதிக்கு மேலே இரண்டரை சென்ரிமீற்றர் வரை எழும்பி நிற்கிறது; பாதுகாக்க இருந்த விலாவும் இப்போது இல்லை. ஊசியைத் தோலுக்குச் சமாந்தரமாகப் படுக்க வைத்து, தழும்பின் உடலுக்குள்ளேயே நிறுத்த வேண்டும். மருந்து ஏற எதிர்ப்பு இல்லாமல் போனால் நுனி கொழுப்புக்குள் இருக்கிறது. அங்கே விட்டால் குழியும் வெள்ளைத் திட்டும் மிஞ்சும்.

வெயில் வேறு வழக்கு. புதுத்தழும்பு வெயில்பட்டால் கறுக்கும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். ஒரு வருடம் முந்தானை, குடை, அல்லது எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட களிம்பு.

விறைத்த தோல்

காறை எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு விறைப்பு. வெட்டு வழியில் அறுபடும் சிறு தோல் நரம்புகளால் வருவது, நோயின் மிச்சம் அல்ல. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வார். ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். சுருங்கும்போது சட்டை பட்டாலே எரிவதுபோல ஒரு கட்டம் வரும். அப்போது பஞ்சு, பிறகு சீலைத் துணி, பிறகு துவாய் என்று ஒவ்வொன்றாலும் இரண்டு நிமிடம் தடவித் தோலைப் பழக்கினோம்.

தாமதிக்காமல் ஓட வேண்டியவை வேறு: திடீர் மூச்சுத்திணறல், கை வீங்கி நீலம் பாரித்தல், கையில் புதிய பலவீனம், காயத்தில் சீழோடு காய்ச்சல், இடப்பக்கச் சத்திரசிகிச்சையானால் காயத்திலிருந்து பால்போன்ற கசிவு. மூச்சுத்திணறலுக்கு முச்சக்கரவண்டி தேடாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும்.

ஒரு வருடம்

குயிக்-டாஷ் 18. ரூஸ் சோதனை மூன்று நிமிடமும் தாங்குகிறார், கடைசி அரை நிமிடத்தில் தோள் சோர்வு மட்டும். தழும்பு தட்டை, உள்முனையில் மிளகளவு வெளிறல், ஊசியின் மிச்சம். விறைத்த தோல் பழைய இரண்டு ரூபாய்க் குற்றியளவுக்குச் சுருங்கியிருக்கிறது, அது அப்படியே நிற்கலாம். நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். கழுத்தடியிலிருந்து உள்ளங்கைத் தசைவரை அறுபது எழுபது சென்ரிமீற்றர். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே கைத்தசை மெலிந்தவர்களுக்கு இந்த அளவு மீட்சியை வாக்களிக்க முடியாது. இவருக்கு மெலிவதற்கு முன் பிடிபட்டது.

தையல் மிஷினின் மேசை நாலு விரல் உயர்த்தப்பட்டிருக்கிறது, குனிவு குறைய. நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பி நிற்கிறார். தாலிக்கொடி பத்தாம் மாதம் திரும்பக் கழுத்தில் ஏறியது, இரண்டு அங்குலம் நீட்டி. கிணற்றடியில் கயிறு இன்னும் கிடக்கிறது. மோட்டார் நின்றால் இறைப்பது மகன்.